சாய்ந்தால் கப்பல், நிமிர்ந்தால் ஊர்

திருகோணமலையில் நான் வேலை பழகிய அச்சகத்தில் தமிழ் எழுத்துக் கேஸ்கள் சுவர் நீளத்துக்கு நின்றன. ஆங்கிலத்துக்கு ஒரு மூலைதான். அந்த மூலையிலும் அடித்தட்டில், தூசு படியாமல் பழைய பேப்பர் போட்டு மூடிய ஒரு கேஸ் இருந்தது. அதற்குள் கிடந்தவை இட்டாலிக் எழுத்துகள். ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஈயக் கட்டை நேராகத்தான் இருக்கும். முகத்தில் வார்த்த எழுத்து மட்டும் இடப்பக்கம் சரிந்திருக்கும். தாளில் பதியும்போது அது வலப்பக்கம் சாயும். எல்லாமே தலைகீழாகவும் இடம்வலமாகவும் தெரிகிற அந்தத் தொழிலில், சாய்வும் மாறித்தான் தெரியும்.

அது 1980. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுக் கட்டைபறிச்சானில் வயலும் வீடுமாக நின்றவனை, மாமா கூட்டிக்கொண்டு போய் அங்கே சேர்த்துவிட்டார். ஊரிலிருந்து மூதூர்த் துறையடிக்குச் சைக்கிள், அங்கிருந்து கொட்டியாரக் குடாவைக் கடக்க லோஞ்சு. கிழமை நாட்களில் பட்டினத்தில் மாமி வீட்டில் தங்கல், சனிக்கிழமை பின்னேரம் ஊருக்கு.

எனக்குத் தொழில் காட்டித் தந்தவர் கிண்ணியாக்காரர். எல்லோருக்கும் அவர் நானா. பெட்டிகளைப் பார்க்காமலே கை போய் எழுத்தை எடுத்து ஸ்டிக் என்ற கோப்புச் சட்டத்தில் அடுக்கும். என்னை இட்டாலிக் கேஸ் பக்கம் அவர் விட்டது வெகுநாள் கழித்துத்தான். விட்ட அன்றைக்கும் முதலில் ஒரு எழுத்தை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். சின்ன எஃப். அதன் கொக்கித் தலையும் கீழ் வாலும் கட்டையின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"மகன், இத பாத்துப் புடி. இவன்ட மூக்கு ஒடஞ்சா கப்பல்காரன் காசு தரமாட்டான்."

நீட்டிக்கொண்டிருக்கும் அந்தத் துண்டு பக்கத்து எழுத்தின் தோளில் போய் அமர வேண்டும். பக்கத்தில் எல், எச் போல உயர்ந்த எழுத்து வந்தால் இரண்டும் முட்டும். கோர்த்த பக்கத்தைப் பாரமாக இறுக்கிக் கட்டும்போது எஃப்பின் நுனி போய்விடும். நிமிர்ந்த எழுத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. சாய்வான எழுத்தை நேரான கட்டையில் வார்ப்பதால் வருகிற தொல்லை இது.

கப்பல்காரன் என்று நானா சொன்னது துறைமுகத்துக் கப்பல் முகவர்களை. கடிதத் தலைப்பு, சரக்குப் பட்டியல், அறிவித்தல் என்று அவர்களிடமிருந்து வேலை வரும். அவர்கள் தட்டச்சு அடித்துத் தரும் பிரதியில் கப்பலின் பெயருக்குக் கீழே கோடு இழுத்திருக்கும். தட்டச்சுப் பொறிக்குச் சாய்க்கத் தெரியாது, அடிக்கோடுதான் தெரியும். பிரதியில் அடிக்கோடு கண்டால் அச்சில் இட்டாலிக் போடு என்பது உலகம் முழுக்க அச்சுக்கோப்பவர்களுக்குத் தெரிந்த கட்டளை. பெயருக்கு முன்னால் வரும் எம்.வி. என்ற இரண்டெழுத்துக்கு மட்டும் கோடு இராது. அவை நிமிர்ந்தே நிற்கும்.

ஏன் கப்பல் பெயர் மட்டும் சாய வேண்டும் என்று நான் கேட்டதற்கு நானா சொன்ன காரணம், கப்பல் கடலில் ஆடும் என்பது. அப்போது நம்பினேன். அவருடைய கண்ணைப் பார்த்தால் அவர் நம்பிச் சொன்னதாகத் தெரியவில்லை.

உண்மைக் காரணம் சாதாரணமானது. வேறொன்றின் பெயராக ஏற்கெனவே இருக்கும் சொல்லைக் கப்பலுக்கு வைத்துவிடுகிறார்கள். வாசிக்கிறவன் மயங்கக் கூடாது. இதற்கு எங்கள் பட்டினத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1782 இல் திருகோணமலைக் கடலில் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயரும் மோதிய போரை நினைந்து, பிரித்தானியக் கடற்படை ஒரு போர்க்கப்பலுக்கு எங்கள் ஊர்ப்பெயரை வைத்தது. பம்பாயில் வாடியா குடும்பத்தாரின் கட்டுமானத்தில், தேக்கு மரத்தில் உருவாகி, 1817 அக்டோபரில் நீரில் இறங்கிய கப்பல். இருநூறு வருடம் கடந்தும் இங்கிலாந்தின் ஹார்ட்ல்பூலில் அது மிதந்துகொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் திருகோணமலை என்ற சொல் நிமிர்ந்து நின்றால் கோணேசர் கோயிலும் உள்துறைமுகமும் உள்ள ஊர். அதே எழுத்துகள் சாய்ந்தால் ஹார்ட்ல்பூலில் கட்டி வைத்திருக்கும் கப்பல். எச்.எம்.எஸ். என்ற முன்னொட்டு இங்கும் சாயாது. ஒரு பாகைமானியை வைத்து அளக்கக்கூடிய சின்னச் சரிவு, ஒரு ஊரைக் கப்பலாக்கிவிடுகிறது. சாய்வெழுத்தின் பயன் என்ன என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

எங்கள் கரைக்கு இன்னொரு கப்பல் கதையும் உண்டு. மூதூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் கேட்டு வளர்ந்த கதை. புயலில் பாய்மரம் முறிந்த 'ஆன்' என்ற கப்பல் அதைச் சரிபார்க்கக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660 இல் ரொபேர்ட் நொக்ஸும் தகப்பனும் மாலுமிகளும் கண்டியரசனின் ஆட்களிடம் பிடிபட்டார்கள். ஏறத்தாழ இருபது வருடம் கழித்துத் தப்பிப்போன நொக்ஸ், இலங்கையைப் பற்றி எழுதிய நூலை 1681 இல் இலண்டனில் அச்சிட்டார்கள். அந்நாளைய ஆங்கில நூல்களில் ஊர்ப்பெயர், ஆட்பெயர், பிறமொழிச் சொல் எல்லாவற்றையும் இட்டாலிக்கில் கோர்ப்பது வழக்கம். நொக்ஸின் நூலும் அப்படித்தான். எங்கள் குடாவின் பெயரை ஆங்கிலேயன் அச்சில் வாசித்தபோது அது சாய்ந்துதான் நின்றது.

இட்டாலிக் என்ற பெயரே பிறந்த இடத்தைச் சொல்லிவிடும். வெனிஸ் நகரத்தில் அல்டஸ் மனூட்டியஸ் என்ற பதிப்பாளருக்காக ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ என்ற எழுத்து வெட்டுநர் அதை வெட்டினார். 1501 இல் வெளியான வெர்ஜிலின் கவிதை நூல்தான் முழுக்க இட்டாலிக்கில் வந்த முதற்புத்தகம். கையடக்கமான புத்தகம். படித்தவர்கள் பேனாவால் விரைந்து எழுதும்போது எழுத்து இயல்பாகச் சாயும், ஒன்றையொன்று தொட ஓடும். அந்தக் கையெழுத்தைத்தான் கிரிஃபோ உருக்கில் வெட்டினார். அதிலும் பெரிய எழுத்துகள் அப்போது சாயவில்லை. சின்ன எழுத்துகள் மட்டும் சாய்ந்து ஓட, ஒவ்வோர் அடியின் தலையிலும் ஒரு பெரிய எழுத்து நேராக நிற்கும். ஆரம்பத்தில் இட்டாலிக் யாருக்கும் துணை எழுத்தாக இல்லை. முழுப் புத்தகத்தையும் அதுவே சுமந்தது. நிமிர்ந்த எழுத்துக்குப் பக்கத்தில் நின்று நூற்பெயரையும் அயற்சொல்லையும் அழுத்தத்தையும் காட்டும் வேலை அதற்குப் பின்னால் வந்தது.

அதனால்தான் நல்ல இட்டாலிக் என்பது நேரெழுத்தைப் பிடித்துச் சரித்தது அல்ல. டைம்ஸ் நியூ ரோமன் என்று 1932 இல் இலண்டன் டைம்ஸ் நாளிதழுக்காகச் செய்த எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று பெரும்பாலான கணினிகளில் இருக்கிறது. அதில் நேரான சின்ன ஏ மேலே ஒரு கூரை, கீழே ஒரு வயிறு என்று இரண்டு அடுக்கு. சாய்வில் அது ஒற்றை வயிறு. எஃப்புக்கு நேரில் கால் அடிக்கோட்டோடு நின்றுவிடும், சாய்வில் வால் கீழே இறங்கும். அடியில் இருக்கும் தட்டைக் குறுக்குக் கோடுகள் போய், பேனா எடுபட்டதுபோல ஒரு சுழிப்பு வரும். சாய்வைத் துடைத்துவிட்டு நிமிர்த்தினாலும் அது வேறு எழுத்தாகவே நிற்கும்.

தமிழுக்கு ஏன் இது இல்லை என்று அச்சகத்தில் யாரும் கேட்கவில்லை. கேஸைத் தூக்கிப் பார்த்தவனுக்குக் கேட்கத் தோன்றாது. ஆங்கிலச் சின்ன எழுத்து இருபத்தாறு. தமிழில் கி, கீ, கு, கூ எல்லாம் தனித்தனி ஈயம், மெய்க்குத் தனி, கிரந்தத்துக்குத் தனி. நூறு பெட்டிக்கு மேலே போகும். அதற்கு ஒரு சாய்ந்த துணையை வாங்கி வைக்கத் திருமலையில் எந்த முதலாளிக்குக் காசும் இடமும் இருந்தது? ஆகவே தமிழ்ப் பிரதியில் அடிக்கோடு வந்தால் நாங்கள் தடித்த எழுத்துப் போட்டோம், இல்லாவிட்டால் மேற்கோள் குறி. நூற்பெயரா, மேற்கோள். ஆளின் பெயரா, தடிப்பு. கப்பலின் பெயர் தமிழ் நோட்டீசில் வந்தால், கப்பல் என்ற சொல்லையே பின்னால் சேர்த்துவிட்டோம். ஒருவரும் மயங்கவில்லை. அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் தமிழனுக்கு ஒரு ஏகாரமோ 'தான்'ஓ போதும்.

இன்னொரு காரணம் ஓலை. எழுத்தாணியால் கீறுகிறவர் கையை ஓட விடுவதில்லை. வலக்கை எழுத்தாணியைப் பிடித்திருக்க, இடக்கை ஓலையை நகர்த்திக் கொடுக்கும். வேகத்தில் ஒரு பக்கம் சாய அங்கே வழி குறைவு. புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்று மெய்யெழுத்தின் புள்ளியைக்கூட விட்டுத்தான் எழுதினார்கள். வெனிஸ்காரர் முன்னால் இருந்தது பேனாக் கையெழுத்து என்றால், 1578 இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' நூல் அச்சானபோது தமிழ் எழுத்தை வார்த்தவர்கள் முன்னால் இருந்தது ஓலை எழுத்து. நிமிர்ந்த எழுத்துத்தான் அதிலிருந்து வரும்.

ஆனாலும் தமிழைச் சாய்த்து எழுதியவர்களை நான் கண்டிருக்கிறேன். ஊரில் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர் இருந்தார். நாலுகோட்டுக் கொப்பியில் உருக்கு நிப் பேனாவால் ஆங்கிலச் சாய்வெழுத்துப் பழகிய தலைமுறை. வயற்கந்தோருக்குக் கடிதம் எழுதுவதென்றால் சனங்கள் அவரிடம்தான் போகும். அவருடைய தமிழும் சாய்ந்தேயிருக்கும், அழகாகவும் இருக்கும். சனிக்கிழமைகளில் நான் அந்தக் கடிதங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். எழுத்து முழுவதையும் அவர் ஒரே அளவில் சாய்க்கவில்லை. ககரத்தின் நெடுங்கோடு சாயும், குறுக்கே ஓடும் கோடு கிடையாகவே கிடக்கும். டகரத்தின் மூலையைக் கொஞ்சம் உருட்டிவிடுவார். புள்ளியை எழுத்தின் நடு உச்சிக்கு நேரே வைக்காமல் சற்று இடப்பக்கம் இழுத்து வைப்பார், சாய்ந்த எழுத்தின் தலைக்கு அது சரியாக வந்து உட்காரும். கிகரத்தின் கொக்கியைக் குறுக்கிவிடுவார், இல்லாவிட்டால் அடுத்த எழுத்தில் போய் ஏறும். இதையெல்லாம் அவர் யோசித்துச் செய்திருக்க மாட்டார், கைக்குத் தெரிந்திருந்தது. தமிழுக்கு ஓர் இட்டாலிக் வரைய வேண்டுமென்றால் என்னென்ன செய்ய வேண்டும் என்பது முழுக்க அந்த வயற்கந்தோர்க் கடிதங்களில் இருந்தது.

பிறகு நடந்தவை ஊர் அறியும். அச்சகம் போயிற்று, ஈயமும் போயிற்று. நானாவை நான் பிறகு காணவில்லை. தொண்ணூறுகளில் மறுபடி பட்டினத்தில் வேலைக்கு நின்றபோது மேசையில் இருந்தது கொம்பியூட்டர், அதற்குள் பாமினி.

பாமினியை அறியாத இலங்கைத் தமிழ் அச்சகம் அந்நாளில் இல்லை. ஆங்கிலச் சாவிகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய எழுத்துரு அது. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தட்டினால் திரையில் 'தமிழ்' வரும். பாமினி இல்லாத கந்தோர்க் கணினியில் அதைத் திறந்தால் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளிதான் நிற்கும். தமிழ்த் தட்டச்சை உருவாக்கிய ஆர். முத்தையா யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்தவர். அவர் பொறியில் தட்டிப் பழகியவர்களின் விரல்களுக்குப் பாமினி இலகுவாகப் பிடிபட்டது. நாங்கள் தட்டச்சுச் செய்த மென்பொருளில் தடிப்புக்கு ஒரு பொத்தான், அதற்குப் பக்கத்தில் சாய்வுக்கு ஒரு பொத்தான். ஆங்கிலத்துக்குச் செய்த பொத்தான். ஆங்கிலத்தில் அதை அமுக்கினால் யாரோ வரைந்து வைத்த இட்டாலிக் வந்து நிற்கும். பாமினிக்கு அப்படி ஒன்று இல்லாதபடியால், இருக்கிற எழுத்தையே பிடித்து ஒரு பக்கம் தள்ளிவிட்டது.

சனங்களுக்கு அது பிடித்துப்போயிற்று. முப்பத்தோராம் நாள் நினைவு மலர் அடிக்க வருபவர்கள் வாழ்க்கை வரலாறு, தேவாரம், பிள்ளைகளின் புலம்பல் கவிதை, நன்றி நவிலல் என்று கொண்டு வருவார்கள். கவிதைப் பக்கம் வந்ததும் கட்டாயம் ஒருவர் சொல்வார்: "தம்பி, இதைச் சாய்ச்சு அடிச்சுத் தாங்க. அப்பதான் கவிதை மாதிரி இருக்கும்." வெர்ஜிலின் கவிதைக்கு வெனிஸில் போட்ட சாய்வு, ஐந்நூறு வருடம் சுற்றி, சேனையூரிலும் கட்டைபறிச்சானிலும் செத்தவீட்டுக் கவிதைக்கு வந்து சேர்ந்திருந்தது. கண்ணீரோடு நிற்பவரிடம் எழுத்தழகு பேசலாமா? சாய்த்துக் கொடுத்தேன்.

ஆங்கில இட்டாலிக்குக்கு நானும் கை நிறைய வேலை கொடுத்திருக்கிறேன். வேளாண்மைப் பக்கத்துத் துண்டுப்பிரசுரம் ஒன்று. அறக்கொட்டியான் அடித்த காலம். தலைப்பில் எங்கள் பெயர் அறக்கொட்டியான், அடுத்து அதிகாரிகளின் பெயர் கபிலநிறத் தத்தி, கடைசியில் நிலபர்வதா லூஜென்ஸ் என்ற விலங்கியற் பெயர் ஆங்கில எழுத்தில், இட்டாலிக்கில். உயிரினங்களின் இனப்பெயரையும் சாதிப்பெயரையும் சாய்வில் அடிப்பது உலக வழக்கம். அந்தச் சாய்வைக் கண்டாலே படித்தவனுக்கு இது விஞ்ஞானப் பெயர் என்று தெரிந்துவிடும். தமிழ் நேரே நிற்க, ஆங்கிலம் மட்டும் சாய்ந்து நின்ற அந்தத் துண்டுப்பிரசுரம் இன்றைக்கும் எனக்குச் சரியான பக்கமாகவே தெரிகிறது.

சாய்த்த தமிழின் மேல் எனக்குக் கோபம் வந்தது முகாம் காலத்தில். 2006 இல் மூதூர்ச் சண்டையோடு சம்பூர்ப் பக்கத்துச் சனம் முழுக்க இடம்பெயர்ந்தது. பின்னர் திரும்பி வந்தும் சொந்தக் காணிக்குப் போக முடியாமல் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் வருடக்கணக்காக இருந்தார்கள். காணிகளை விடத் தொடங்கியது 2015 இல்தான். முகாம்கள் இருந்த காலத்தில் நான் ஊரில் போட்டோக்கொப்பியும் தட்டச்சுமாக ஒரு சின்னக் கடை வைத்திருந்தேன். உதவி நிறுவனங்களின் விண்ணப்பப் படிவங்கள் அங்கே வரும். ஆங்கில மூலத்தில் கேள்விகள் நேரெழுத்தில், நிரப்பும் விதத்தைச் சொல்லும் குறிப்புகள் சின்ன இட்டாலிக்கில் இருக்கும். தமிழாக்கியவர் அதைப் பார்த்துத் தமிழ்க் குறிப்பையும் சாய்த்துவிடுவார். அதைக் கொப்பி எடுத்து, கொப்பியைக் கொப்பி எடுத்து, கடைசியில் சம்பூர் ஆச்சி ஒருவரின் கையில் வரும்போது அது என்னவாகியிருக்கும்?

"தம்பி, இதில என்ன கிடக்கு? எழுத்தெல்லாம் காத்தில சரிஞ்ச வேளாண்மை மாதிரிக் கிடக்கே."

ஆச்சிக்குக் கண் நல்ல பார்வை. நான் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். தமிழில் ரகரத்துக்கும் நெடிற்காலுக்கும் வித்தியாசம் அடியில் இருக்கும் ஒரு சின்னக் காற்கோடு. சாய்த்து, சிறுத்து, மை கலங்கினால் முதலில் போவது அதுதான். 'கரடு' எது, 'காடு' எது என்று சொல்ல முடியாது. எழுத்தின் உச்சியில் இருக்கும் புள்ளி அதிக தூரம் வலப்பக்கம் தள்ளுப்பட்டு, அடுத்த எழுத்தின் கொக்கியோடு ஒட்டிவிடும். வட்டம் கெடுவது இன்னும் மோசம். ஒரு வளையத்தை இப்படித் தள்ளினால் அதன் வலது மேல்மூலையும் இடது கீழ்மூலையும் தடிக்கும், மற்ற இரண்டு மூலையும் மெலியும். ஆங்கில ஓவை வரைகிறவர் இதைக் கையால் திருத்திவிடுவார். பொத்தான் திருத்தாது. ஆங்கிலத்தில் வளையம் உள்ள எழுத்து சில. இ, ஐ, ஞ, ணி, ழு, று என்று தமிழில் எத்தனை சுழி! மெலிந்த மூலைகள் கொப்பி மெசினில் காணாமற்போக, சுழியெல்லாம் திறந்து கிடந்தன.

குடும்ப அட்டை இலக்கத்தை எங்கே எழுதுவது, காணி உறுதி இல்லாவிட்டால் என்ன இணைப்பது என்ற வரிகள்தான் அந்தச் சாய்ந்த வரிகள். வாசிக்கவே வேண்டிய வரிகள். படிவத்தைத் திருப்பி அடித்தேன். குறிப்புகளை நேரெழுத்தில், ஒரு புள்ளி சிறிதாக்கி, கோட்டுப் பெட்டிக்குள் போட்டேன். கடையில் அந்தத் தாளைத்தான் பிறகு எல்லோருக்கும் கொப்பி எடுத்துக் கொடுத்தேன்.

தமிழ் சாயவே கூடாது என்பது என் கட்சி அல்ல. அந்த ஆசிரியரின் கையைக் கண்டவன் அப்படிச் சொல்ல மாட்டான். சாய்வதென்றால் வரைந்து சாய வேண்டும். இப்போது அப்படிச் செய்கிறவர்கள் வந்துவிட்டார்கள். இலங்கை எழுத்துரு வடிவமைப்பாளர் தாரிக் அஸீஸின் 'கவிவனார்' தமிழையும் ஆங்கிலத்தையும் கையெழுத்துப் போலச் சாய்த்தே வரைந்த எழுத்துரு. பெயரைப் பார்த்தாலே யாருக்காகச் செய்தது என்று தெரியும். கூகுளின் 'நோட்டோ செரிஃப் தமிழ்' புத்தக எழுத்துருவுக்குச் சாய்வுத் துணையும் உண்டு. மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரை அடுக்கடுக்காக. இரண்டுக்கும் காசில்லை, இறக்கிக்கொள்ளலாம். ஒரு சாய்ந்த தமிழ்க் கேஸுக்கு வழியில்லாத அச்சகத்தில் தொழில் பழகியவனுக்கு இது பெரிய செல்வம்.

நினைவு மலரோ கல்யாணக் காட்டோ அடிக்கக் கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கவிதை சாய்ந்துதான் இருக்க வேண்டுமென்றால், சாய்த்து வரைந்த எழுத்துரு இருக்கிறதா என்று அச்சகத்தில் கேளுங்கள். இல்லையென்றால் நேரெழுத்திலேயே அடிக்கச் சொல்லுங்கள். இறந்தவரின் பெயர், கிரியை நடக்கும் நேரம், வீட்டு விலாசம் மூன்றையும் எந்த எழுத்துருவிலும் சாய்க்க விடாதீர்கள்.